கெயேன் மிளகாயும் இதயமும்: ஒரு மருத்துவ நம்பிக்கை உருவான வரலாறு

மாரடைப்பு வந்து துடிப்பவருக்கு ஒரு தேக்கரண்டி கெயேன் மிளகாய்த்தூளை வெந்நீரில் கலக்கிப் புகட்டினால் சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்றொரு செய்தி சில ஆண்டுகளாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அதன் அடியில் ஒரு வரி சேர்ந்துகொள்கிறது: இது அமெரிக்கப் பழங்குடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கையாண்ட மருந்து. முதல் கூற்றை மருத்துவர்கள் மறுக்கிறார்கள். இரண்டாவது கூற்று வரலாறு சார்ந்தது. அதை யாரும் பெரிதாகச் சோதித்துப் பார்ப்பதில்லை. மிளகாய் எப்போது, யார் வழியாக, எந்தக் காரணத்தால் இதயத்துக்கான மருந்தாயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்க்கையில் அந்த நம்பிக்கை மெக்சிகோவில் பிறக்கவில்லை என்றும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஒரு விவசாயியின் வெப்பக் கொள்கையிலிருந்து கிளைத்தது என்றும் தெரிகிறது. ஆய்வகங்கள் மிளகாயையும் இதயத்தையும் இணைத்த பாதை முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதில்தான் இன்றைய சிக்கல் இருக்கிறது.

மிளகாயின் தாயகம்

மிளகாய் மனிதர் உணவில் சேர்ந்து மிக நீண்ட காலமாகிறது. எக்குவடோரின் தென்மேற்கில் கிடைத்த அரைகற்களிலும் பானைகளிலும் ஒட்டியிருந்த மிளகாய் மாவுத்துகள்கள் ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழமை உடையவை என 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதர் பயிராக்கிய ஐந்து மிளகாய் இனங்களும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவையே.

அங்கே அது மருந்தாகவும் இருந்தது. பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்டினோ தெ சகாகுன் மெக்சிகோவின் நாவா மக்களிடம் கேட்டுக்கேட்டு எழுதிய பெருந்தொகுப்பு (ஃபுளோரன்ஸ் சுவடி என இன்று அறியப்படுவது) இதற்கு முதன்மைச் சான்று. அதில் மிளகாய் சந்தைச் சரக்காக வருகிறது, சமையலில் வருகிறது, வைத்தியத்திலும் வருகிறது. வைத்தியத்தில் அது பெரும்பாலும் இருமலுக்கும் பல்வலிக்கும் வயிற்றுக் கோளாறுகளுக்கும் உரிய பொருள். 1540களைச் சேர்ந்த, மெக்சிகோவின் மெண்டோசா சுவடியில் சொல்பேச்சு கேளாத 11 வயதுப் பிள்ளையை மிளகாய்ப் புகையில் பிடிக்கும் தகப்பனின் ஓவியம்கூட உண்டு. நெடியை அறிந்தவர்கள், அதன் வேலையை அறிந்தவர்கள். ஆனால் அடைபட்ட இதயத்தைத் திறக்கும் மருந்து என்ற எண்ணத்துக்கு அவர்கள் விட்டுச்சென்ற பதிவுகளில் இடமில்லை.

1493 சனவரியில் கொலம்பஸ் தன் நாட்குறிப்பில் இந்தக் காயைப் பற்றி எழுதினார். ஐரோப்பியர் தேடிப் போனது மிளகு, கிடைத்தது வேறொன்று. பழைய பெயரையே சற்றுத் திருத்திப் புதிய பொருளுக்குச் சூட்டினார்கள். ஸ்பானிய மொழியில் மிளகு ‘பிமியெந்தா’, மிளகாய் ‘பிமியெந்தோ’. தமிழும் இதையேதான் செய்தது. மிளகைப் போல் உறைக்கும் காய், மிளகாய். பெயரோடு பழைய மிளகின் மருத்துவ மதிப்பும் சேர்ந்தே இடம்பெயர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. இருந்தாலும் நம் வீடுகள் இரண்டையும் பிரித்தே வைத்தன. பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்று மிளகைத்தான் போற்றினோம். சளிக்கு மிளகு ரசம் வைப்போம். பத்தியச் சாப்பாட்டில் மிளகாயை விலக்குவோம்.

ஐரோப்பிய மருத்துவர்கள் மிளகாயைத் தங்களுக்குத் தெரிந்த, பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலனின் சட்டகத்தில் வைத்து அளந்தார்கள். சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற நான்கு குணங்களில் அது மிகுந்த சூடும் வறட்சியும் உடையது என்றார்கள். செவில் நகரின் நிக்கோலஸ் மொனார்தெஸ் 1570களில், இது வாயுவைக் கலைக்கும், மார்புக்கு இதம், குளிர்ந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு ஏற்றது, தலைமை உறுப்புகளுக்கு வலுவூட்டும் என்று எழுதினார். கேலன் மரபில் தலைமை உறுப்புகள் என்றால் இதயம், மூளை, கல்லீரல். மிளகாய்க்கும் இதயத்துக்கும் ஏட்டில் ஏற்பட்ட முதல் தொடர்பு என்று வேண்டுமானால் இதைச் சொல்லலாம். ஆனால் அன்றைய நூல்களில் சூடான எந்த நறுமணப் பொருளுக்கும் எழுதப்பட்ட பொதுப் புகழுரை அது. தனித்த சிகிச்சையைக் குறிக்கவில்லை. இங்கிலாந்தில் 1597இல் ஜான் ஜெரார்டு தன் மூலிகை நூலில், இது ஈரலுக்குப் பகை என்றே எச்சரித்தார். செருமானியரான லெயோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் அதைக் கள்ளிக்கோட்டை மிளகு என்று பெயரிட்டு, இந்தியாவிலிருந்து வந்ததாகவே நினைத்தார். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் மிளகாய் உலகெங்கும் பரவியது. மருந்துப்பெட்டியில் ஓர் ஓரத்தில் தொண்டைப் புண்ணுக்கும் அசீரணத்துக்கும் இருந்தது.

சாமுவேல் தாம்சனின் அடுப்பு

இந்தக் கதையின் திருப்பம் சாமுவேல் தாம்சனிடம் இருக்கிறது. 1769இல் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தின் ஆல்ஸ்டெட் ஊரில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பெயரளவுக்குத்தான். ஊரில் பச்சிலை வைத்தியம் பார்த்த விதவைப் பெண்மணி ஒருவரோடு சிறுவயதில் காட்டில் சுற்றித் திரிந்து செடிகளை அறிந்துகொண்டார். அவருடைய தாயார் மருத்துவர்களின் கையில் இறந்தார். அவர்களுடைய மருந்துதான் கொன்றது என்று தாம்சன் வாழ்நாள் முழுவதும் நம்பினார்.

அந்த நம்பிக்கை வெறும் ஆத்திரமல்ல. அன்றைய அமெரிக்க மருத்துவத்தின் ஆயுதங்கள் இரத்தம் வடித்தலும் கலோமெல் என்ற பாதரச மருந்தும். 1793இல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இவ்விரண்டையும் தாராளமாகக் கையாண்டார். 1799 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை நோயில் கிடந்தபோது ஒரே நாளில் பலமுறை அவருடைய இரத்தம் வடிக்கப்பட்டது, அன்றிரவே இறந்தார். பாதரசத்தால் பல் உதிர்ந்து ஈறு அழுகியவர்களை ஊருக்கு ஊர் பார்க்க முடிந்த காலம் அது. அப்படியொரு காலத்தில், உடம்பிலிருந்து எதையும் எடுக்காதே, சூட்டைக் கொடு என்று ஒருவர் சொன்னால் மக்கள் ஏன் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்?

தாம்சனின் கொள்கை ஒரே வாக்கியத்தில் அடங்கும்: சூடே உயிர், குளிர்ச்சியே சாவு. வயிறு அடுப்பு, உணவு விறகு. அடுப்பில் சாம்பலும் அடைப்பும் சேர்ந்தால் நெருப்பு மங்கும்; அதுதான் நோய். ஆகவே முதலில் அடுப்பைச் சுத்தம் செய்ய வேண்டும், பிறகு நெருப்பை மூட்டி அணையாமல் காக்க வேண்டும். மருந்துகளுக்கு எண்ணிட்டார். முதல் எண் லோபீலியா, வாந்தி வரவழைப்பது. இரண்டாம் எண் கெயேன் மிளகாய், உடம்பில் சூட்டைப் பிடித்து நிறுத்துவது. அடுத்த எண்களில் துவர்ப்பான பட்டைகளும் கசப்புச் சரக்குகளும் வந்தன. ஆறாம் எண்ணில் வெள்ளைப்போளத்தோடு மதுசாரத்தில் ஊறிய மிளகாய் மீண்டும் வரும். மிளகாயின் மருத்துவச் சிறப்பைத் தானே கண்டறிந்ததாகத்தான் தாம்சன் எழுதுகிறார். எந்தப் பழங்குடியிடமிருந்தும் பெற்றதாகச் சொல்லவில்லை. பழங்குடி மரபு என்ற முத்திரை அவருடைய நூலில் இல்லை. பிற்காலத்தவர் ஒட்டியது அது.

நோயாளி ஒருவர் இறந்ததற்காக 1809இல் தாம்சன்மீது கொலை வழக்கு நடந்தது, விடுதலையானார். 1813இல் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1822இல் நூல் வந்தது. 20 டாலர் கொடுக்கும் குடும்பம் அந்த முறையைத் தன் வீட்டில் பயன்படுத்தும் உரிமையைப் பெறும். குடும்பத்துக்கே வைத்தியத்தைக் கற்பித்து மருத்துவரை நம்பியிருக்கும் நிலையை மாற்ற நினைத்த அந்த எண்ணம் மதிக்கத்தக்கது என்றே நான் கருதுகிறேன். 1830களில் அவருடைய ஆதரவாளர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆல்பர்ட் காஃபின் அதே முறையை அட்லாண்டிக் கடந்து வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களிடம் கொண்டுபோனார்.

இவ்வளவிலும் இதயம் தனியாக வரவில்லை. தாம்சனுக்கு மையம் வயிறு. இதயத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தவர்கள் அவருக்குப் பின்வந்த படித்த தலைமுறையினர். அடுப்பு உவமை அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. உடலியலின் சொற்களில் பேச விரும்பினார்கள். சூடு எப்படி உடலெங்கும் போகிறது? இரத்தத்தின் வழியாக. இரத்தத்தைத் தள்ளுவது எது? இதயம். ஆகவே சூட்டைக் கொடுக்கும் மிளகாய் இதயத்துக்கும் நாளங்களுக்கும் ஊக்கம் தரும் மருந்தாக மாறியது. அவர்களில் ஒருவரான வில்லியம் குக் 1869இல் வெளியிட்ட பெருநூலில் மிளகாயின் வேலை முதன்மையாக இதயத்திலும் பெரிய நாளங்களிலும் நடப்பதாக விளக்கினார். கைகால் சில்லிட்டு நாடி தளரும் நோயாளிக்கு அதைக் கொடுத்தார்கள். வாந்திபேதியிலும் கடுங்காய்ச்சலிலும் அப்படிப்பட்ட நிலை அடிக்கடி நேர்ந்த நூற்றாண்டு அது. மிளகாய்க் கரைசல் குடித்தவரின் முகம் சிவக்கும், வியர்க்கும், கை சூடாகும். கண்ணெதிரே நடக்கும் அந்த மாற்றத்தைப் பார்த்தவர்கள் இதயம் வலுப்பெற்றதென்று எண்ணியதில் வியப்பில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் நாட்டு வைத்தியத்தில் இருந்த டிஜிட்டாலிஸ் செடியை எடுத்து, 163 நோயாளிகளிடம் கண்ட விளைவுகளை, தோல்விகளையும் மறைக்காமல், 1785இல் நூலாக்கினார். அளவு மீறினால் என்ன நேரும் என்றும் எழுதினார். அந்தச் செடி இதய மருந்தாக நிலைத்தது. மிளகாய்க்கு அப்படியொரு கணக்கை எழுத எவரும் வரவில்லை. சான்று முழுக்க நற்சான்றிதழ்களாகவே இருந்தது.

மாரடைப்பு நுழைந்த இடம்

குக் பேசிய தளர்ந்த இதயமும் இன்று நாம் சொல்லும் மாரடைப்பும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு இரத்தம் தரும் நாளத்தில் கட்டி அடைத்துக்கொள்வதும், அதற்குப் பிறகும் நோயாளி உயிர்வாழ முடியும் என்பதும் ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே மருத்துவர்களிடையே மெல்ல ஏற்கப்பட்டன. நோயாகவே அடையாளம் காணப்படாத ஒன்றுக்குப் பல்லாயிரம் ஆண்டு மருந்து இருந்திருக்க முடியாது.

அப்படியானால் மாரடைப்புக்கு மிளகாய் என்று சொன்னது யார்? தடம் யூட்டா மாநிலத்துக்கு இட்டுச் செல்கிறது. மார்மன் சமயத்தின் தொடக்கத் தலைவர்களில் தாம்சன் முறை வைத்தியர்கள் இருந்தார்கள். ஃபிரெடெரிக் வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர். பின்னாளில் அச்சமயத்துக்குத் தலைமை தாங்கிய பிரிகம் யங்கின் நெருங்கிய துணைவரான வில்லர்ட் ரிச்சர்ட்ஸ் மற்றொருவர். அந்தச் சமூகம் மேற்கே நகர்ந்து சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறியபோது மூலிகை வைத்தியமும் கூடவே போனது. கிழக்கு மாநிலங்களில் இந்த மரபு மங்கிய பிறகும் அங்கே தங்கிவிட்டது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே யூட்டாவில் ஜான் கிறிஸ்டோபர் (1909–1983) மூலிகையாளராகப் புகழ்பெற்றார். பள்ளி நிறுவினார், ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். 35 ஆண்டுப் பணியில், மாரடைப்பு வந்து வீட்டுக்குத் தன்னை அழைத்த நோயாளி ஒருவரைக்கூடத் தான் இழந்ததில்லை, மூச்சிருந்தால் போதும், ஒரு கோப்பை மிளகாய்த் தேநீர் ஊற்றுவேன் என்ற பொருளில் அவர் பேசியதும் எழுதியதும் பரவின. இன்று கைப்பேசியில் வரும் செய்தியின் மூலம் இதுதான். அந்த நோயாளிகளுக்கு இதய மின்வரைவு எடுக்கப்பட்டதற்கோ, நாளத்தில் அடைப்பு உறுதி செய்யப்பட்டதற்கோ பதிவு எதையும் அவர் வெளியிடவில்லை. நெஞ்செரிச்சலும் வாயுப் பிடிப்பும் தசைப்பிடிப்பும் மாரடைப்பாகத் தோன்றக்கூடியவை என்பதைக் குடும்பத்தில் ஒருமுறையாவது பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடியவர்கள் அறிவார்கள். அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. தன் கண்ணை நம்பினார். கண் மட்டும் போதாத இடம் இது.

ஆய்வகத்தின் பாதை

மறுபக்கம், ஐரோப்பாவில் வேதியியலாளர்கள் காரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1816இல் புக்கோல்ஸ் அதைத் தூய்மையற்ற நிலையில் பிரித்தார். 1876இல் ஜான் த்ரெஷ் படிகமாகப் பெற்று, கேப்சைசின் என்று பெயரிட்டார். 1919இல் நெல்சன் அதன் அமைப்பைத் தெளிவாக்கினார். அது என்ன செய்கிறது என்று கேட்டவர்களில் முன்நின்றவர்கள் ஹங்கேரியர்கள். மிளகாயைத் தேசியச் சுவையாக்கிக்கொண்ட நாடல்லவா. 1878இல் எந்த்ரே ஹோக்யெஸ் அது உணர்வு நரம்புகளின்மீது வேலை செய்கிறது என்று கண்டார். 1940களில் மிக்லோஷ் யான்ச்சோ, அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அதே நரம்புகள் மரத்துப்போவதைக் காட்டினார். வலிக்களிம்புகளில் இன்று கேப்சைசின் இருப்பதன் வேர் அங்கே.

1955இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் விலங்கின் இரத்தத்தில் கேப்சைசினை நேரடியாகச் செலுத்திப் பார்த்தபோது கிடைத்த விளைவை நான் இந்த வரலாற்றின் மிக முக்கியமான குறிப்பாகக் கருதுகிறேன். மூச்சு ஒரு கணம் நின்றது. இதயத் துடிப்பு குறைந்தது. இரத்த அழுத்தம் இறங்கியது. தாம்சன் மரபு நூறாண்டுகளாக ஊக்கி என்று போற்றிய பொருள், இரத்தத்தில் நேரே போனால் இதயத்தை மெதுவாக்கும் அனிச்சையைத் தூண்டுகிறது. வாய்வழி போகும்போது நாக்கிலும் வயிற்றிலும் எரிச்சல் உண்டாகி, உடல் அதற்கு எதிர்வினையாகத் துடிப்பை ஏற்றுகிறது, வியர்க்க வைக்கிறது. முகம் சிவந்ததை இதய வலிமையின் அடையாளமாகப் படித்தவர்கள் நரம்பின் கூச்சலைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கேப்சைசின் சென்று ஒட்டும் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். கொதிக்கும் வெந்நீரையும் மிளகாயையும் நரம்பு ஒரே வாசல் வழியாக உணர்கிறது என்று தெரிந்தது. 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசு இதற்காகவே அவருக்குக் கிடைத்தது. மிளகாய் சூடு என்ற உலகப் பொது அனுபவத்துக்கு மூலக்கூறு அளவில் விளக்கம் கிடைத்தது என்று சொல்லலாம். தாம்சன் அந்த உணர்வைத் துல்லியமாகப் பிடித்தவர். அதிலிருந்து எடுத்த முடிவில்தான் தவறினார்.

அந்த ஏற்பி இதயத்தின் மேற்பரப்பிலுள்ள நரம்பு முனைகளிலும் நாளங்களின் உட்சுவரிலும் இருப்பது தெரிந்ததும் ஆய்வுகள் வேகம் பிடித்தன. 2009இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தினர், எலியின் வயிற்றுத் தோலில் கேப்சைசின் களிம்பு தடவிவிட்டு இதய நாளத்தை அடைத்தபோது சேதம் பெருமளவு குறைந்ததைக் கண்டார்கள். 2010இல் சீனாவின் சோங்சிங் நகர ஆய்வாளர்கள், நெடுநாள் கேப்சைசின் உண்ட உயர் அழுத்த எலிகளில் நாளச் சுவர் நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சுரந்து தளர்வதைக் காட்டினார்கள். முதல் சோதனையில் களிம்பு அடைப்புக்கு முன்பே தடவப்பட்டது, இரண்டாவதில் உணவு மாதக்கணக்கில் தரப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. நெஞ்சுவலி வந்த பிறகு குடிக்கும் கரைசலுக்கு இவற்றில் எதுவும் சான்றாகாது.

மனிதர்களிடம் நடந்தவற்றில் தாய்லாந்து ஆய்வுகள் பழையவை. தினமும் மிளகாய் உண்ணும் தாய்லாந்து மக்களின் இரத்தத்தில் கட்டிகளைக் கரைக்கும் திறன் அங்கேயே வாழ்ந்த அமெரிக்கர்களைவிடக் கூடுதலாக இருப்பதாக 1982இல் எழுதினார்கள். 2006இல் டாஸ்மேனியாவில் 27 பேருக்கு நான்கு வாரம் தினமும் 30 கிராம் மிளகாய்க் கலவை கொடுத்தபோது அவர்களுடைய இரத்தக் கொழுப்பு ஆக்சிசனேற்றத்தைக் கூடுதலாகத் தாங்கியது. பிறகு பெருந்தொகை ஆய்வுகள் வந்தன. சீனாவில் 4,87,375 பேரைத் தொடர்ந்த ஆய்வில் (2015) வாரத்தில் ஆறேழு நாள் கார உணவு உண்டவர்களிடம் இறப்பு அபாயம் 14 விழுக்காடு குறைவு. இத்தாலியின் மொலிசே பகுதியில் 22,811 பேரைத் தொடர்ந்த ஆய்வில் (2019) வாரத்துக்கு நான்கு முறைக்கு மேல் மிளகாய் உண்டவர்களிடம் இதய, நாள நோய் இறப்பு 34 விழுக்காடு குறைவு. இவையெல்லாம் உடன்நிகழ்வைக் காட்டும் எண்கள். மிளகாய் உண்பவர் வீட்டில் சமைத்து உண்பவராக இருக்கலாம். கூடவே காய்கறியும் பருப்பும் உண்பவராக இருக்கலாம். எண்களைச் சீராக்கினாலும் வாழ்க்கை முழுவதையும் கணக்கில் கொண்டுவர முடியாது.

உணவு வேறு, மாத்திரை வேறு. துருக்கியில் உடல் இளைக்கக் கெயேன் மிளகாய் மாத்திரை சாப்பிட்ட 25 வயது இளைஞருக்கு இதய நாளம் சுருங்கி மாரடைப்பு ஏற்பட்டதை 2012இல் மருத்துவ இதழ் பதிவு செய்தது. 2018இல் உலகின் மிகக் காரமான மிளகாய்களுள் ஒன்றைப் போட்டியில் தின்ற 34 வயது மனிதருக்கு மூளை நாளங்கள் சுருங்கிக் கடும் தலைவலி வந்த செய்தியும் பதிவாகியிருக்கிறது. நாளத்தை விரிக்கும் அதே பொருள் அளவு கூடினால் சுருக்கவும் செய்யும். நாளம் ஏற்கெனவே அடைபட்டுக் கிடக்கையில் அந்தச் சூதாட்டத்தில் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த நிகழ்வுகள் சொல்கின்றன. போதாக்குறைக்கு, கரைசல் கலக்கிக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் இதயத் தசை இறந்துகொண்டிருக்கும். செய்தியைப் பகிரும் நல்ல உள்ளங்கள் இதை அறியாமல்தான் பகிர்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. 2017இல் சோங்சிங்கில் 606 பேரிடம் நடந்தது அது. கார ருசியை மிகவும் விரும்பியவர்கள் உப்பைக் குறைவாக உண்டார்கள். அவர்களுடைய இரத்த அழுத்தமும் குறைவாக இருந்தது. காரம் மூளைக்கு உப்புச் சுவையைத் தூக்கிக் காட்டுவதால் கை தானாக உப்பைக் குறைக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். மிளகாயால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மையில் ஒரு பகுதி இப்படி உப்பு வழியாக வருகிறது என்றால், தமிழர் தட்டைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் மிளகாய் உப்பை விரட்டுவதில்லை, கூட்டிக்கொண்டே வருகிறது. ஆவக்காய் ஊறுகாயில் தூளும் உப்பும் போட்டி போடும். மோர் மிளகாயை உப்பு மோரில் நாள்கணக்கில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கிறோம். எண்ணெயில் பொரித்துத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும்போது நாக்கில் முதலில் ஏறுவது அந்த உப்புதான்.